குதிரைக் கண்ணுக்கு ஸ்கேன்: கருவிழி தவிர மற்றதெல்லாம் தெரிகிறது

ஈப்போவில் குதிரை டாக்டராக இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "நீ வெச்சிருக்கிற அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின், பழசு ஒண்ணு நல்லா விலை இறங்கி வருது. கண்ணுக்கும் ஆகும்கிறாங்க. வாங்கலாமா மச்சான்?" வாட்ஸ்ஆப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடிகிற வழியாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மெஷினின் பெயர் வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் நேர் புரோப் (உடம்பில் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் தலைப்பகுதி) உள்ள எந்தக் கையடக்க மெஷினை வைத்திருப்பவருக்கும் இந்தப் புலம்பல் பொருந்தும்.

நான் இதை வாங்கியது காலுக்காக. சிங்கப்பூரில், கிராஞ்சி மைதானத்தில் பந்தயம் ஓடிய காலத்தில் குதிரை டாக்டருக்குக் காலைத் தவிர வேறு உலகமே கிடையாது. முன்னங்கால் தசைநாரில் கிழிசல் எவ்வளவு, குதிரை எப்போது ஓடும், அவ்வளவுதான் கேள்வி. 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு அந்த ஓட்டம் நின்றது. இப்போது என் வேலையெல்லாம் சவாரிக் கிளப்புகளில். வயதான குதிரைகள், குட்டைப் போனிகள், அவற்றைப் பிள்ளை மாதிரி பார்க்கும் உரிமையாளர்கள். இங்கே கண் பிரச்சினை ஓயாமல் வருகிறது. குதிரைக்குக் கண் பெரியது, தலையின் பக்கவாட்டில் பிதுங்கி நிற்பது. வைக்கோல் நுனி, மைதானத்து மணல், கம்பி முனை எல்லாம் முதலில் அங்கேதான் போய்க் குத்தும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் சின்னக் கீறலில் பூஞ்சை பிடித்துக்கொள்ளவும் நேரம் ஆகாது.

முதலில் இந்த மெஷினைத் திட்ட முடியாத விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா, வீங்கி நீலம் பாய்ந்த வெள்ளையாகிவிட்டால் டார்ச்சும் உதவாது, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் விளக்கும் உதவாது. வெளிச்சம் உள்ளே போனால்தானே? ஒலிக்கு அந்தக் கவலை இல்லை. புரோப்பை வைத்த உடனே லென்ஸ் தெரிகிறது, அதன் பின்னால் கண்ணை நிரப்பி நிற்கும் கண்ணாடிநீர் கறுப்பாக, கடைசியில் விழித்திரை. ஒருமுறை விழித்திரை பிய்ந்து, நரம்பு நுழையும் இடத்திலும் முன் ஓரத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டு 'வி' எழுத்துப் போல விரிந்து நின்றது. மேலே கருவிழிக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். உரிமையாளர் திரையைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. குதிரையைத் துன்பப்படுத்தாமல், வீண் செலவு வைக்காமல் ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வர வைத்த மெஷின் இது. நன்றி இல்லாமல் பேசக் கூடாது.

ஆனால் எனக்கு வேண்டியது கருவிழி. அது மட்டும்தான் இதில் தெரியாது.

காரணம் எளிய கணக்கு. உடம்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டர். குதிரையின் கருவிழி நடுவில் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். ஆக, மொத்தக் கருவிழியே ஐந்தாறு அலைக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் மேல் பக்கச் சீழா, அடிப்பக்கச் சீழா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதுகூடப் பரவாயில்லை. புரோப்பின் முகத்துக்கு முன்னால் முதல் சில மில்லிமீட்டர் வெறும் வெள்ளைக் குழப்பம். மெஷின் தன் சத்தத்தையே தான் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி அது. கருவிழி சரியாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அது ஏன் முக்கியம் என்றால், கருவிழிக்குள் சீழ்க்கட்டி வந்த குதிரையில் பல நேரம் மேல்தோல் ஆறி மூடியிருக்கும். புண்ணைக் காட்டும் ஃபுளோரசின் சாயத்தின் பச்சை ஒட்டாது. புண் இல்லை என்று நினைத்து யாராவது ஸ்டீராய்டு சொட்டு போட்டுவிட்டால் பூஞ்சைக்கு விருந்துதான். மேல்தோல் மூடியிருப்பதால் மருந்துச் சொட்டும் சரியாக உள்ளே இறங்காது. பூஞ்சையோ கருவிழியின் அடித்தளமான டெஸ்செமெட் சவ்வை நோக்கிப் போகும் பழக்கம் உள்ளது. கட்டி எவ்வளவு ஆழம் என்பதை வைத்துத்தான் மேலாகச் சீவி எடுக்கலாமா, ஒட்டு வைக்க வேண்டுமா, மருந்தோடு காத்திருக்கலாமா என்று முடிவாகும். அந்த ஆழத்தைக் கேட்டால் என் மெஷின் வெள்ளையாகக் கையை விரிக்கிறது.

இதற்கென்றே 50 மெகாஹெர்ட்ஸ் புரோப் இருக்கிறது. கருவிழியின் அடுக்குகளையே காட்டும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, ஆனால் கருவிழிக்கு அதுவே தாராளம். விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

அதனால் இருப்பதை வைத்து ஓட்டுகிறேன். புரோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே ஏதாவது இடைவெளி வைத்தால் கருவிழி அந்த வெள்ளைப் பகுதியைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். கடையில் விற்கும் ஜெல் பட்டை வாங்கிப் பார்த்தேன். விலையும் அதிகம், இங்கத்தி வெயிலில் லாயத்துக்குக் கொண்டுபோவதற்குள் வழுவழுத்து, கண்ணின் வளைவில் நிற்காமல் நழுவுகிறது. இப்போது பவுடர் இல்லாத கையுறையின் கட்டைவிரலைக் கத்தரித்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, காற்று ஒரு துளி இல்லாமல் கட்டிக்கொள்கிறேன். உள்ளே ஒரே ஒரு குமிழி இருந்தாலும் அதன் கீழே படம் கோடு கோடாக இழுத்துவிடும். சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலேற்றுவதே ஒரு தனி வேலை. கட்டி முடிக்கும்போது குதிரைக்குப் போட்ட மயக்க ஊசி பாதி தெளிந்திருக்கும்.

ஊசி போட்டால் குதிரையின் தலை முழங்கால் வரை தொங்கிவிடும். இமையின் தசை அசுர பலம் உள்ளது, அதற்கு நெற்றிப்பொட்டுக்கு மேல் ஓடும் நரம்பை மரக்க வைக்க வேண்டும். தலையைத் தாங்குவது எங்கள் சைஸ் அண்ணன், அதாவது குதிரைகளைப் பராமரிப்பவர். அவர் அப்பா, கிராஞ்சிக்கு முன்னால் புக்கிட் தீமாவில் பந்தயம் நடந்த காலத்திலேயே சைஸாக இருந்தவர். குதிரையின் தாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சட்டையெல்லாம் எச்சில் வழிய, திரையை எட்டிப் பார்த்து, "தம்பி, அந்த வெள்ளைக்குக் கீழ ஒரு கோடு தெரியுதே, அதானே?" என்பார். பல நாள் எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடிக்கிறார். சம்பளத்தை அவருக்குத்தான் ஏற்ற வேண்டும்.

புண் ஆழமாகி, சவ்வு மட்டும் மிஞ்சி நிற்கும் கண்ணில் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். லேசாக அழுத்தினாலும் கண் உடைந்துவிடும். மூடிய இமைக்கு மேல், நிறைய ஜெல் வைத்து, தொட்டும் தொடாமலும் பார்க்க வேண்டும். இமை முடியில் காற்று சிக்கி படம் மோசமாகத்தான் வரும், வரட்டும். கண்ணில் நேராக வைக்கும்போது கிருமி நீக்கிய ஜெல்தான், முடிந்ததும் சலைன் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். காலுக்குப் பூசும் பாட்டில் ஜெல் கருவிழியை எரிக்கும்.

போன வருடம் படத்தின் நடுவே நெட்டுக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. ஏஜெண்ட்டிடம் கொடுத்தேன். வாரக்கணக்கில் இழுத்தடித்து, "கேபிள் சரி பண்ணிட்டோம்" என்று பில்லோடு திருப்பித் தந்தார்கள். கோடு இடம் மாறாமல் அங்கேயே இருந்தது. திரும்ப அனுப்பினேன், திரும்ப ஒரு பில். மூன்றாவது ஆளிடம் போன பிறகுதான் கோடு போனது. அந்த இடைவெளியில் வந்த குதிரைகளின் கண்ணை டார்ச்சை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், இது இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருப்பது புரிந்தது. எரிச்சல் இன்னும் கூடியது.

சரி, மச்சானுக்குப் பதில்: கண்ணுக்கென்றால் வாங்காதே. கருவிழிக்கு இது ஆகாது, ஆகும் என்று சொல்பவன் விற்கிறவன். என்னுடையதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்று தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, புரோப் முகத்தில் ஜெல் தடவி, கம்பியைக் குறுக்கே வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்து. திரையில் அதன் பளிச்சென்ற கோடும் கூடவே வர வேண்டும். எங்காவது மங்கி மறைந்தால் அந்த இடத்தில் ஒலி எழுப்பும் கிரிஸ்டல் செத்துவிட்டது. விலையை இன்னும் பாதியாகக் கேள்.