முப்பது குதிரை போதுமா? கோவளத்தில் மூன்று வருடம், 214 மணி நேரம்

மச்சானின் ஆபீஸ் நண்பர் ஒருவர் புது போட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுப் போன வாரம் எனக்குப் போன் செய்தார். பக்கங்கள் தாழ்வாக, அணியத்தில், அதாவது முன்முனையில், நின்று தூண்டில் வீச மேடை வைத்த ஃபைபர் போட். அமெரிக்காவில் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்க வைத்திருக்கும் படகை பாஸ் போட் என்பார்களே, அந்த அச்சு. "பின்னால் மாட்டும் எஞ்சின் 60 குதிரைத்திறன் (ஹெச்.பி.) போடலாமா, 75 போடலாமா?" என்று கேட்டார். அங்கே 20 அடிப் படகில் 250 ஹெச்.பி. மாட்டிக்கொண்டு ஏரியில் பறக்கும் வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். நானும் இதே கேள்வியோடுதான் 2023 தொடக்கத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். போனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அதனால் இங்கே முழுதாக.

என் போட் 16 அடி நீளம், எஞ்சின் மாட்டும் பின்பலகையில் 5 அடி அகலம், அடிப்பாகம் லேசான வி வடிவம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் ஒருவரின் கொட்டகையில் டிரெய்லர் மேல் நிற்கிறது. வாரம் ஒரு முறை, சில மாதங்களில் இரண்டு முறை இறக்குவேன். பெரும்பாலும் கோவளம், முட்டுக்காடு உப்பங்கழிதான். கடல் அமைதியாக இருந்தால் முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் வெளியே. அமெரிக்க ஏரி பாஸ் இங்கே கிடையாது. ஆனால் நம் கொடுவாவுக்கே ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்றுதான் பெயர். அதுவும் கல் இடுக்கு, பாலத் தூண் ஓரம் என்று ஒளிந்திருந்து பாயும் மீன். எனவே அந்தப் படகு வடிவம் இங்கும் பொருந்தும். (முட்டுக்காட்டுக்கும் கொடுவாவுக்கும் பழைய உறவு. அங்கே ஆய்வுப் பண்ணை வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம்தான் இந்தியாவில் முதன்முதலாக, 1997இல், கொடுவாவைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது.)

முதலில் ஹெச்.பி.யை முடித்துவிடலாம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதி. படகு நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் எடுத்துப் பெருக்க வேண்டும். எனக்கு 16 × 5 = 80. ஸ்டியரிங் சக்கரம் இல்லாமல் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் படகு என்றால் அதை 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும்: 39. அதை மேலே உள்ள ஐந்தின் மடங்குக்கு ஏற்றினால் 40. அடி முழுத் தட்டையாக இருந்தால் 0.5ஆல் பெருக்கி 15ஐக் கழிக்க வேண்டும், அப்போது 25தான் வரும். ஸ்டியரிங் சக்கரமும் 20 அங்குல உயரப் பின்பலகையும் இருந்தால் இரண்டால் பெருக்கி 90ஐக் கழிக்கலாம், 70 வரை போகும். நம் ஊர் ஃபைபர் யார்டில் இந்தக் கணக்கை யாரும் போட்டுத் தருவதில்லை. "எவ்ளோ வேணா போடலாம் சார், ஸ்ட்ராங்கா கட்டிக் குடுக்குறோம்" என்பதுதான் பதில்.

ஆக என் உச்சவரம்பு 40. நாலு ஸ்ட்ரோக் 40 என்று முடிவு செய்து, கொட்டகைக்காரரிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். அறுபதை நெருங்குபவர், சிறு வயதில் கட்டுமரம், சுனாமிக்குப் பிறகு ஃபைபர். அவர் எந்த கம்பெனி என்றுகூடக் கேட்கவில்லை.

"40 போடு, 60 போடு, அது உன் காசு. புயலு வந்தா கயட்டித் தூக்கணுமே தம்பி, யாரு தூக்கறது?"

அன்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து எடையைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. நாலு ஸ்ட்ரோக் 40 எதை எடுத்தாலும் 95, 100 கிலோவைத் தொடுகிறது. இரண்டு ஸ்ட்ரோக் 40 எழுபதுகளில் நின்றுவிடும். நாலு ஸ்ட்ரோக்கில் 30க்கு இறங்கினால் அதுவும் அதே எழுபதை ஒட்டித்தான். அந்த 30 கிலோ வித்தியாசம் தூக்குபவருக்கு மட்டும் இல்லை. படகின் கடைசி நுனியில் தொங்கும் எடை அது. அங்கேதான் ஓட்டுபவரும் உட்காருகிறார், பெட்ரோல் டேங்கும் இருக்கிறது. பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்க்கும்.

இரண்டு ஸ்ட்ரோக்கை ஏன் விட்டேன் என்று மீனவ நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இழுவை உடனே கிடைக்கும், பாகங்கள் குறைவு, கடற்கரையிலேயே ஸ்பேனர் வைத்துப் பிரித்து மாட்டலாம். ஆனால் கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் 40 முழு வேகத்தில் மணிக்கு 18, 20 லிட்டர் குடிக்கும். 50க்கு 1 என்று ஆயில் கலந்தால் அந்த 20 லிட்டருக்கு 400 மில்லி ஆயில் தனி. உப்பங்கழியில் மெதுவாகப் போகும்போது புகை முகத்திலேயே அடிக்கும். மணிக்கணக்கில் மெல்ல ஓட்டுகிற எனக்கு அது ஒத்துவராது என்று நாலு ஸ்ட்ரோக் 30, கைப்பிடி மாடல், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வாங்கினேன். தினமும் கடலுக்குப் போகிறவர் வேறு முடிவு எடுத்தால் தப்பில்லை.

வாங்கிய முதல் மாதமே ஒரு சறுக்கல். எஞ்சின் தண்டின் நீளம் 15, 20, 25 அங்குலம் என்று வரும். படகின் பின்பலகை உயரமும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். நான் 20 அங்குலத் தண்டு வாங்கினேன். யார்டில் பலகையைக் கட்டியிருந்தது பதினேழரை. டேப் எடுத்து அளக்காதது என் தப்பு. புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும், அது படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டரை அங்குலம் கீழே போய்விட்டது. வேகம் எடுத்தால் பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து ஆளை நனைக்கும், படகு ஏதோ இழுத்துப் பிடித்த மாதிரி போகும். கடைசியில் பலகை மேல் மரைன் பிளைவுட் வைத்து ஃபைபர் ஒட்டி உயர்த்தினோம். எஞ்சினைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி. புது போட் கட்டுகிறவர்கள் எஞ்சினை முடிவு செய்துவிட்டுப் பலகை உயரத்தை யார்டுக்கு எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

முதல் பத்து மணி நேரம் முழு வேகம் அடிக்காமல் பொறுமையாக ஓட்டுவது, இருபதாவது மணியில் முதல் ஆயில் மாற்றுவது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே செய்தேன்.

புத்தகத்தில் எளிதில் புரியாதது புரொப்பல்லர். எஞ்சினோடு வந்தது 13 பிட்ச். ஒரு சுற்றுக்கு, வழுக்கல் இல்லை என்று வைத்துக்கொண்டால், 13 அங்குலம் முன்னே தள்ளும் என்று அர்த்தம். இரண்டு பேர் போனால் அருமை, ஜி.பி.எஸ்.ஸில் 36 கிலோமீட்டர் காட்டியது. நாலு பேர், ஐஸ் பெட்டி, எதிரே கொண்டல் காற்று என்றால் படகு தண்ணீர் மேல் எழும்பவே மாட்டேன் என்றது. முழுசாகத் திருகினாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,900 சுற்றைத் தாண்டவில்லை. என் எஞ்சினுக்கு முழு வேகத்தில் 5,250 முதல் 6,250 வரை ஓட வேண்டும். ஐந்தாவது கியரில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும் பைக் எப்படித் திணறும், அதேதான். 40 வாங்கியிருக்கலாமோ என்று இரண்டு மாதம் புலம்பினேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே 11 பிட்ச் ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுக் கணக்கு. எனக்கு நாலு பேரோடு 5,300 வந்தது, படகும் எழும்பியது. இரண்டு பேராகப் போகும்போது உச்ச வேகத்தில் மூன்று கிலோமீட்டர் குறைந்தது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்? உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கண்டால் அலை எழாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். வேகம் காட்டுகிற இடமே இல்லை அது.

செலவைச் சொல்கிறேன். முழு வேகத்தில் மணிக்குப் பத்தரை லிட்டர். ஆனால் நான் ஓட்டுவது 4,200 சுற்றில். அப்போது மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம், ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் ஆகிறது. ஆட்டோக்காரர் வாயால் கேட்பதைவிடக் கம்மி என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

விலையைவிடத் தொல்லை பெட்ரோலின் குணம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. என் எஞ்சின் கையேடு அனுமதிப்பது 10 வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் டேங்க் நீண்ட நாள் கிடந்து தண்ணீர் மிகுந்துவிட்டால், அந்தத் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 2025 கோடையில் முகத்துவாரத்துக்கு வெளியே இரண்டு முறை இருமி நின்றது. அதற்குப் பிறகு மூன்று பழக்கம் வந்துவிட்டது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது, மீந்ததை அன்று மாலையே ஸ்கூட்டரில் ஊற்றிவிடுவது, டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று. அதன் கீழ்க் கிண்ணத்தைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். ரப்பர் ஹோஸை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன், உள்பக்கம் இளகுகிறதோ என்ற சந்தேகம்.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். கரை ஏறியதும், எஞ்சின் தன்னைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ஓட்டைகள் மேல் இரண்டு ரப்பர் கிண்ணத்தை மாட்டி, ஹோஸ் சொருகி, பத்து நிமிடம் ஓட விடுவது. இதில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வாசிகளுக்கு மட்டும் உள்ள ஒரு வேடிக்கை: கொட்டகையில் இருந்த போர் தண்ணீரே உப்பு! முதல் ஆறு மாதம் உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். இப்போது லாரித் தண்ணீர் டிரம் ஒன்று எஞ்சினுக்கென்றே தனியாக இருக்கிறது.

எனக்கு வந்த பெரிய பழுது ஒன்றே ஒன்று, அதுவும் எஞ்சின் மேல் பழி போட முடியாதது. இரண்டாம் வருடம் கியர் ஆயில் மாற்றும்போது மோர் மாதிரி வெள்ளையாக வழிந்தது. தண்ணீர் புகுந்திருந்தது. புரொப்பல்லரைக் கழற்றினால் பின்னால் தண்டைச் சுற்றி ஒரு பிடி தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு), யாரோ அறுத்துப் போட்டது. சுற்றிச் சுற்றி இறுகி ஆயில் சீலைத் தின்றுவிட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் கியரே போயிருக்கும். இப்போது மாதம் ஒரு முறை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பேன், பத்து நிமிட வேலை. மழைக்காலத்தில் இன்னொரு சள்ளை பிளாஸ்டிக் பை. ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் பின்னால் வரும் தண்ணீர்த் தாரை நின்றுவிடும், அலாரம் கத்தும். அந்தத் தாரை மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும். அடையாறு முகத்துவாரம் பக்கம் வெள்ள நாட்களில் ஆகாயத்தாமரையும் சேர்ந்து வரும், அங்கே நான் இறக்குவதே இல்லை. எஞ்சினை உப்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றினேன். தண்ணீர் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை இரண்டு வருடத்தில் மாற்றினேன்.

அணியத்தில் ஒரு 12 வோல்ட் மின்மோட்டாரும் உண்டு, 55 பவுண்டு தள்ளுவிசை. முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், நிதானமாக ஓட்டினால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒரு காலைக்குத் தாங்கும். கொடுவா பிடிப்பதெல்லாம் அதில்தான். பெரிய எஞ்சின் போகவும் வரவும் மட்டுமே. இது முன்பே தெரிந்திருந்தால் 40 ஆசையே வந்திருக்காது. அந்த பேட்டரியை முன்பக்கம் வைத்ததில் அணியம் தூக்குவதும் குறைந்தது.

எந்த கம்பெனி என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. யமஹா, சுசுகி, மெர்க்குரி, ஹோண்டா, டொஹாட்சு எல்லாமே பல பத்தாண்டுகளாக இதையே செய்து வருபவர்கள், எதுவும் மோசம் இல்லை. 1909இல் தொடங்கிய எவின்ரூட் எஞ்சினையே அதன் உரிமையாளர்கள் 2020இல் நிறுத்திவிட்டார்கள், பெயரை நம்பி என்ன செய்வது? நான் பார்த்தது ஒன்றுதான். கடையில் நின்று, "இதன் இம்பெல்லர் இப்போது கையில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்டேன். ஒருவர் ஆறு வாரம் ஆகும் என்றார். ராயபுரம் பக்கம் ஒருவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் விற்கும் எஞ்சினை வாங்கினேன்.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் வருகிறது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்த மதியம் கோவளம் போய்ச் சேர்ந்தேன். காற்று ஏற ஆரம்பித்துவிட்டது. குப்பத்தில் எல்லாரும் தங்கள் படகை மேலே இழுப்பதிலேயே மும்முரம், என் விளையாட்டுச் சாமானுக்கு யாரைக் கூப்பிடுவது? கொட்டகைக்காரர் தன் மருமகனை ஒரு சத்தம் போட்டு அழைத்தார். திருகுகளைத் தளர்த்தி, நான் தலைப்பக்கம், அவர்கள் இருவரும் கீழ்ப்பக்கம். மணலில் நாற்பது அடி தூக்கிப்போய் அவர் வீட்டுத் திண்ணையில் சாய்த்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் ஃபெஞ்சலுக்கும் அதே மூன்று பேர்தான். திண்ணையில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எஞ்சினைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "இன்னும் பத்து கிலோ இருந்திச்சின்னா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

மச்சானின் நண்பருக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் போட்டை எங்கே நிறுத்தப் போகிறார் என்று இன்னும் முடிவாகவில்லையாம்.