பயந்த நாய்க்கு எது சரி: இன்னொரு நாய் இருக்குற வீடா, தனி ஆள் வீடா?

ஷெல்டர்ல மூலையில ஒடுங்கி, வாலை காலுக்குள்ள சொருகிட்டு, பிஸ்கட் போட்டா கூட நாம திரும்பினப்புறம்தான் எடுக்குற நாய்ங்களுக்கு தனி ஆள் வீடுதான் பெஸ்ட்னு நிறைய பேர் சொல்வாங்க. சத்தம் கம்மி, ஆள் நடமாட்டம் கம்மி, சரிதான். ஆனா என் ஓட்டு ஏற்கனவே ஒரு சாதுவான நாய் இருக்குற வீட்டுக்குத்தான், ஏன்னா தெருவுல கூட்டத்தோட வளர்ந்தது பெரும்பாலும் மனுஷனுக்கு முன்னாடி இன்னொரு நாயைத்தான் நம்பும், அது போய் ஓனர் கால்கிட்ட படுத்தா இதுவும் மெதுவா ரெண்டடி தள்ளி வந்து படுக்கும். அந்த நாய் சிடுசிடுன்னு இருந்துச்சுன்னா வேணாம், தனி வீடே தேவலை. எதுவானாலும் முதல் சில வாரம் கேட்டைப் பூட்டியே வைங்க, ஓடிப்போற சான்ஸ் அப்பதான் ஜாஸ்தி, செட்டாக 3 மாசம் கூட ஆகலாம்.