திரும்ப மறுத்த சாவி: உச்சிப்புளிப் பட்டறை ஒன்றின் வேலை

மண்டபத்தில் குடியிருந்து இராமநாதபுரத்திற்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் எனக்கு, காலை ஏழரை மணிக்குக் கார் கிளம்பியே ஆக வேண்டும். பதினோர் ஆண்டுகளாக ஓடும் அந்த டீசல் காரில் கடந்த வைகாசியிலிருந்து இருவிதமான தொல்லைகள் மாறி மாறி வந்தன. சில நாள் சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. சில நாள் எளிதாகத் திரும்பும், டேஷ்போர்டு விளக்குகளும் எரியும், ஆனால் ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோனால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றாது. நகரில் முதலில் காட்டிய பட்டறையில், எதையும் அளந்து பார்க்காமலேயே செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஐந்தாம் நாள் அதே தொல்லை திரும்ப வந்தது. மறுபடி சென்றபோது, கதவுப் பூட்டுகள், சாவிகள், இம்மொபிலைசர் பெட்டி (சாவியிலுள்ள சிப்பை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்புக் கருவி) என லாக் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொன்னார்கள்.

அதன்பிறகுதான், எங்கள் தெருவில் மீன் வண்டி ஓட்டுபவர் சொன்னதைக் கேட்டு, உச்சிப்புளியில் இராமேஸ்வரம் சாலையை ஒட்டியிருக்கும் சிறிய பட்டறைக்குச் சென்றேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஸ்பேர் சாவி இருக்கா?" என்பதுதான். வீட்டில் இருக்கிறது என்றதும், அதை எடுத்துவரும் வரை காரில் கை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அன்று அது எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் பெட்டியில் கிடந்து தேயாமல் இருந்த அந்தச் சாவியைப் போட்டவுடன் பூட்டு பத்துக்கு எட்டு முறை திரும்பியது. நான் அன்றாடம் பயன்படுத்தும் சாவிக்கோ பத்துக்கு நான்கு முறைதான் திரும்பியது. சாவியும் தேய்ந்திருக்கிறது, பூட்டுக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்பது கருவி எதுவும் இல்லாமலேயே தெரிந்துவிட்டது.

இக்னிஷன் லாக் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள் சேர்ந்தது. முன்னால் சாவி நுழையும் பேரல். நடுவில் ஸ்டியரிங் தண்டைப் பூட்டும் இரும்பு நாக்கு. பின்னால் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றால் அந்த நாக்கு இறுகிக்கொண்டு சாவியைத் திரும்ப விடாது. அப்போது ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பினால் போதும், பழுது என்று எதுவும் இல்லை. பாய் இதை முதலில் சோதித்து, என் காரில் காரணம் இதுவல்ல என்று ஒதுக்கினார். சாவியை ஆன் நிலையில் வைத்ததும் இம்மொபிலைசர் விளக்கு வழக்கம்போல் எரிந்து அணைந்ததால், சிப்பைக் கார் அடையாளம் கண்டுகொள்கிறது என்பதும் உறுதியானது. பதினெட்டாயிரம் ரூபாய்க் கணக்கின் பெரும்பகுதி அந்த ஒரு விளக்கைப் பார்த்ததிலேயே தேவையற்றதாகிவிட்டது.

பின்னர் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கச் சொல்லி, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரில் அளந்தபோது ஒருமுறை 11, மறுமுறை 6 என்று எண்கள் தாவின. ஸ்விட்சின் பின்னால் ஒயர்களை இணைக்கும் கப்ளரில் உள்ளே வரும் மின்னழுத்தம் நிலையாக இருந்தது. வெளியே போவதுதான் தடுமாறியது. கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு நொடி இணைத்தார். செல்ஃப் உடனே சுற்றியது. பழுது ஸ்விட்சில்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நான் கழற்றிப் போட்ட பழைய மோட்டாரும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும்.

ஏர்பேக் உள்ள கார் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்த பிறகே ஸ்டியரிங்குக் கீழுள்ள கவரைப் பிரித்தார். கழற்றிய ஸ்விட்சைத் திறந்து என் கையிலேயே கொடுத்தார். செம்புத் தகடுகளில் ஒன்று கருகியும் மற்றவை பச்சை பூத்தும் இருந்தன. மண்டபத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. உப்புக்காற்று படாத நாள் என்று ஒன்றில்லை. பேரலுக்குள் இருந்ததோ மணல். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஊரிலிருந்து வரும் உறவினர்களை தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக் கடற்கரைக்கு அழைத்துப்போவதும், கண்ணாடியை இறக்கிவிட்டே நிறுத்துவதும் எங்கள் வழக்கம். சாவி சிக்கிய நாள்களில் நான் துவாரத்தில் விட்டுவந்த எண்ணெய், அந்த மணலைப் பிடித்துச் சேறாக்கி வைத்திருந்தது. பேரலுக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் தகடுகளை வரிசை மாறாமல் எடுத்துக் கழுவி உலர்த்தி, எண்ணெய்க்குப் பதிலாகக் கிராஃபைட் தூள் இட்டுப் பூட்டினார்.

புதிய சாவியை, தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே படியெடுக்கப்படும் என்று கூறி, ஸ்பேர் சாவியை மாதிரியாகக் கொண்டு வெட்டச் செய்து, பழைய சாவியின் சிப்பை அதில் மாற்றிப் பொருத்தினார். என் சாவிக்கொத்தில் தொங்கிய வீடு, அலுவலகம், பீரோச் சாவிகளையும் தனியே பிரிக்கச் சொன்னார். இது சிறிய விஷயமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இத்தகைய ஸ்விட்சினால்தான். அதன் பிடிப்பு தளர்வாக இருந்ததால், ஓடும்போதே குலுக்கலிலும் சாவிக்கொத்தின் கனத்திலும் சாவி பின்னால் நழுவி, எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. 124 உயிரிழப்புகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.

ஸ்விட்ச் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டியிருந்ததால் வேலை இரண்டு நாள் ஆனது. சாவி உட்பட மொத்தம் 3,400 ரூபாய். பழைய பொருள்களைப் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். குறையும் உண்டு. செலவை முன்கூட்டி எழுதித் தரவில்லை. கேட்ட பிறகுதான் துண்டுத்தாளில் எழுதினார். கவரின் திருகாணி ஒன்றை முடுக்காமல் விட்டதால் பாம்பன் பாலத்தின் இணைப்புகளில் கார் ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது. அதற்காக ஒருமுறை திரும்பப் போக நேர்ந்தது, பணம் வாங்கவில்லை. உட்கார நிழல் இல்லாதது வயதானவர்களுக்குச் சிரமம்தான்.

மூன்று மாதங்களாகக் கார் ஒரு காலைகூட என்னைக் காக்க வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும். செல்பவர்கள் ஸ்பேர் சாவியை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லவும்.