வேஷம் கலைக்கத் தேங்காயெண்ணெயா, கிளென்சிங் ஆயிலா?

மார்கழி வந்தால் மூன்று வாரத்தில் ஆறேழு நாட்டிய மேடை. ஒவ்வொரு முறையும் முகத்தில் பேன்கேக் என்ற கெட்டி மேடைப் பூச்சு, அதன்மேல் பவுடர், காதுப்பக்கம் வரை இழுத்த மை, வியர்வைக்கு அசையாத ஐலைனர். ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பி இதையெல்லாம் கலைக்க இருபது வருஷம் தேங்காயெண்ணெய்தான் வைத்திருந்தேன். அரங்கேற்றத்தன்று எங்கள் டீச்சர் என் கையில் ஊற்றிக் காட்டிய பழக்கம் அது. கதகளிக்காரர்கள் வேஷம் கலைப்பதும் அதில்தான். இரண்டு சீசனுக்கு முன்னால், மேக்கப் கலைக்கவென்றே கடையில் விற்கும் கிளென்சிங் ஆயிலுக்கு மாறினேன். இனித் திரும்பிப் போக மாட்டேன்.

மேக்கப்பைக் கரைப்பதில் இரண்டும் கெட்டி. பேன்கேக்கில் இருக்கும் கொழுப்பும் மையில் இருக்கும் மெழுகும் எந்த எண்ணெய் பட்டாலும் இளகிவிடும். விலையில் தேங்காயெண்ணெயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அடுப்படியிலேயே இருக்கிறது. பஞ்சில் நனைத்து மேக்கப்பைத் துடைக்கும் மைசெல்லர் வாட்டரையும் பார்த்தேன். தினப்படி லேசான மேக்கப்புக்கு அது போதும். பேன்கேக்குக்குப் பஞ்சு பஞ்சாகத் தீர்ந்ததுதான் மிச்சம், கண்ணோரம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்தும் போனது.

மேக்கப்பை எண்ணெய் எடுத்துவிடும், சரி. அந்த எண்ணெயை எது எடுக்கும்? எனக்கு எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் முடிந்தது.

தேங்காயெண்ணெய் தடவிய முகத்தில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். துண்டால் துடைக்க வேண்டும், அப்புறம் சோப்பு, அப்புறம் இன்னொரு முறை சோப்பு. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு போர் தண்ணீர். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திப்பித்திப்பியாக ஒட்டிக்கொள்ளும், நுரையே வராது. கழுவி முடித்தும் தாடைக்குக் கீழே விரல் வைத்தால் வழுக்கும். அந்த மிச்சத்தோடுதான் பல ராத்திரி படுத்திருக்கிறேன். மூன்றாவது மேடைக்குள் தாடையோரமும் நெற்றிமயிர் ஓரமும் குட்டிக்குட்டியாகப் பொரிந்துவிடும். மறுநாள் அதன்மேலேயே பேன்கேக். சருமத் துவாரத்தை அடைக்கும் தன்மைக்கு 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் உண்டு, அதில் தேங்காயெண்ணெய்க்கு 4. முயல் காதில் சோதித்து வந்த கணக்கு என்பதால் அதையே முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை. என் தாடை சொன்னது எனக்குப் போதும்.

கிளென்சிங் ஆயில் எண்ணெய் மட்டும் இல்லை, அதில் எமல்சிஃபையர் கலந்திருக்கிறது. எண்ணெயை ஒரு கையாலும் தண்ணீரை மறு கையாலும் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. காய்ந்த முகத்தில் காய்ந்த கையால் ஒரு நிமிஷம் தேய்த்தால் மையும் சிவப்பும் சேர்ந்து முகம் முழுக்கக் கரும்பழுப்பாக வழியும். அப்போது விரல் நுனியை மட்டும் நனைத்துத் தொட்டால் அந்த அழுக்கு எண்ணெய் கண்ணெதிரே வெளுத்து, இரண்டாம் தேங்காய்ப்பால் மாதிரி ஆகிவிடும். பிறகு நாலு கை தண்ணீர், அவ்வளவுதான். இதில் வழக்கமாகச் சேர்க்கும் எமல்சிஃபையர்கள் சோப்பு மாதிரி கால்சியத்தோடு சண்டை போடுவதில்லை, அதனால் போர் தண்ணீரிலும் வேலை நடக்கிறது. ஈரக்கையோடு ஆரம்பித்தால் மட்டும் மேக்கப்பைத் தொடும் முன்பே பாலாகி வீணாகும். முதல் வாரம் எனக்கு அப்படித்தான் ஆனது.

ஹாலிவுட்டில் மேக்கப் போட்டுக்கொண்டிருந்த ஜப்பானியர் ஷு உவெமுரா 1967லேயே இப்படி ஒரு எண்ணெயைக் கொண்டுவந்தார். இன்றைக்கு ஆலிவ் எண்ணெயை வைத்துச் செய்யும் டிஹெச்சி பிராண்டு முதல் மினரல் ஆயிலில் செய்யும் மலிவான ரகங்கள் வரை கிடைக்கின்றன. எது வாங்கினாலும் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். சோர்பெத்-30 டெட்ராஓலியேட், பெக்-20 கிளிசரில் ட்ரைஐசோஸ்டியரேட், பாலிசார்பேட் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வெறும் எண்ணெய்ப் பெயர்களாகவே இருந்தால் அது தண்ணீரில் போகாது, அதற்குத் தேங்காயெண்ணெயே மேல்.

செலவு இருக்கத்தான் செய்கிறது. மேடை மேக்கப்புக்கு ஒரு தடவைக்கு நாலு மில்லி பிடிக்கிறது. 200 மில்லி பாட்டில் ஐம்பது தடவை வரும். மாதம் ஒரு நிகழ்ச்சி ஆடுகிறவருக்கு அது பெரிதில்லை, தினமும் மேக்கப் போடுகிறவருக்குக் கையைக் கடிக்கும்.

என்னுடையது எண்ணெய்ப்பசைச் சருமம், நான் சொன்னதெல்லாம் அதற்குத்தான். வறண்ட சருமமுள்ள என் மாணவி ஒருத்தி இன்றும் தேங்காயெண்ணெய்தான். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் வீடு அவளுடையது, ஒரு பரு கிடையாது.

என் பெட்டியிலும் ஒரு சின்னப் புட்டி தேங்காயெண்ணெய் இருக்கிறது, நெற்றியில் பொட்டு ஒட்டிய பசையை இளக்க. கையில் இட்ட ஆல்தா என்ற சிவப்புச் சாயத்துக்கு இரண்டுமே உதவாது. அது நாலைந்து நாளில் தானாக மங்கும்.