தமிழ் அகராதித் தேடலைச் சேர்க்க எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள்

குரோமின் முகவரிப் பட்டியில் தமிழ் அகராதியைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் கூடுதல் நிரல்) எதையாவது நிறுவப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க விக்சனரி என்ற இணைய அகராதியில் சொல் தேடிக்கொண்டிருப்பேன். பட்டியில் சொல்லைத் தட்டினால் நேராக அகராதிப் பக்கம் வரும் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் சொன்னது. எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்க, மாற்ற அனுமதி கேட்டது. சொல்லின் மேல் மவுஸை வைத்தால் பொருள் காட்டத்தான் இது என்று விளக்கமும் இருந்தது. கூடவே ஒரு துணை மென்பொருளையும் நிறுவச் சொன்னது.

அகராதி வந்தது. அதோடு என் இயல்புத் தேடுபொறியும் மாறிப்போனது. எதைத் தட்டினாலும் பெயர் தெரியாத ஒரு முகவரிக்குப் போய், அங்கிருந்து வேறொரு முடிவுப் பக்கத்துக்குத் தாவியது. வங்கியின் பெயரைத் தேடினால் மேலே ஏதேதோ கஸ்டமர் கேர் எண்கள். உண்மையான தளம் எங்கோ கீழே. அப்பாவின் மருந்துகள், வீட்டுக் கடன் விவரம் என்று நான் தேடியதெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நீக்கப் போனால் நீக்கும் பொத்தானே இயங்கவில்லை. உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்றது குரோம். வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த ‘பாலிசி’ என்று ஒரு வசதி உண்டு. அந்தத் துணை மென்பொருள், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் புகுந்து, அதே வசதியைக் கொண்டு எக்ஸ்டென்ஷனைப் பூட்டி வைத்திருந்தது. தயாரித்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன், பதிலே இல்லை. எக்ஸ்டென்ஷன் ஸ்டோரில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் ஒரு தேடுபொறியைச் சேர்க்கத் தேவைப்படுவது ஒரே ஒரு முகவரி வரி. 2005-ல் அமேசானின் ஏ9 நிறுவனம் கொண்டுவந்த ஓப்பன்சர்ச் முறையில் அது எக்ஸ்எம்எல் என்ற வடிவில் எழுதிய ஒரு சின்ன உரைக் கோப்பு: பெயர், தேடல் முகவரி, ஓர் ஐகான், அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் பக்கங்களை அதனால் படிக்க முடியாது. தேடலைச் சேர்க்க எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷனுக்கு அகராதி ஒரு சாக்காக இருக்கலாம்.

குரோமில் இப்படிச் செய்யுங்கள். விக்சனரியில் ஒரு சொல்லைத் தேடி, வரும் பக்கத்தின் முகவரியை நகலெடுங்கள். தமிழ்ச் சொல் சதவீதக் குறிகள் நிறைந்த நீளமான சரமாக ஒட்டும். அந்தச் சரம் முழுவதையும் அழித்துவிட்டு, ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும் (%s) போடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் தேடுபொறிகளை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், தளத் தேடல் பகுதியில் பெயரும் சுருக்கக் குறியும் கொடுத்துச் சேர்த்துவிடலாம். பட்டியில் அந்தக் குறியைத் தட்டி, டேப் அழுத்தி, சொல்லை இடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் எளிது: விக்சனரியைத் திறந்து முகவரிப் பட்டியில் வலது கிளிக் செய்தால் சேர்க்கும் வாய்ப்பு அங்கேயே வரும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், முதலில் கண்ட்ரோல் பேனலில் அந்தத் துணை மென்பொருளை நீக்குங்கள். அது போகாமல் எக்ஸ்டென்ஷனை எடுத்தாலும் திரும்ப வரும். பிறகு முகவரிப் பட்டியில் chrome://policy என்று தட்டி, குரோமின் பாலிசி பக்கத்தைப் பாருங்கள். சொந்தக் கணினியில் நீங்கள் வைக்காத பாலிசி ஏதாவது இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். அலுவலகக் கணினியில் பாலிசிகள் இருப்பது இயல்பு, அதைத் தொட வேண்டாம். அதே கூகுள் கணக்கில் வேறு கணினியும் இருந்தால் கணினிகளை ஒத்திசைக்கும் சிங்க் வசதி வழியாக எக்ஸ்டென்ஷன் அங்கேயும் போயிருக்கக்கூடும், அதையும் பார்த்துவிடுங்கள்.