புதிதாக வருபவரைச் சபையோடு இணைப்பது எது: வாட்ஸ்அப் குழுவா, வருகை அட்டையா, வீட்டுச் சந்திப்பா?

ரயில்வே கோட்டத்துக்கும் உருக்காலைக்கும் மாற்றலாகி வரும் குடும்பங்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள், மருத்துவமனைச் செவிலியர்கள் எனச் சேலத்துக் கிறிஸ்தவச் சபைகளுக்குப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைத் தொடர்புகொள்ளப் பெரும்பாலான சபைகள் முதலில் நாடுவது வாட்ஸ்அப் குழுவைத்தான். என் பார்வையில் மிகவும் பலவீனமான வழியும் அதுவே.

குழுவில் சேர்த்த கணமே புதியவரின் எண், 1,024 பேர் வரை இருக்கக்கூடிய கூட்டத்தின் பார்வைக்குப் போய்விடுகிறது. ஊருக்குப் புதிதாகப் படிக்க வந்த பெண்ணுக்கு இது சிறிய விஷயம் அன்று. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் ஆராதனை நேர மாற்றம் புதைந்துபோவது வேறு. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் எண்கள் மறைந்திருக்கும். ஆனால், அனுப்புகிறவரின் எண்ணைத் தம் செல்பேசியில் சேமித்தவர்களுக்கே செய்தி போகும் என்பதால், யாருக்காக அனுப்புகிறோமோ அந்தப் புதியவரே விடுபட்டுப்போவார். வாட்ஸ்அப்தான் வேண்டுமென்றால், உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாத கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வசதி) அறிவிப்புப் பகுதியே மேல்.

"புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று ஆராதனையில் அழைப்பதைவிட, வாசலில் கொடுக்கும் அட்டை கூச்சத்தைத் தவிர்க்கும். பெயர், செல்பேசி எண், வசிக்கும் பகுதி, விரும்பும் மொழி ஆகியவற்றோடு, 'அழைக்கலாம்', 'செய்தி மட்டும்', 'வீட்டுக்கு வரலாம்' என்ற மூன்று கட்டங்கள் இருந்தால் போதும். சம்மதம் கேட்டுத் தகவல் பெறுவது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் இசைந்தது.

ஆனால் அட்டை தானாக யாரையும் இணைத்துவிடாது. குடும்பமாகக் குடியேறியவர்களுக்கு வீட்டுச் சந்திப்புக்கு ஈடு எதுவும் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுக்களும், பிற சபைகளில் பகுதி ஜெபக்குழுக்களும் இதற்கென்றே அமைந்ததைப் போல இருக்கின்றன. பள்ளி, வாடகை வீடு, மருத்துவர் என்று புதியவர் கேட்கும் கேள்விகளுக்கு அதே தெருக்காரர் சொல்லும் பதிலிலேயே நட்பு தொடங்கிவிடுகிறது. விடுதி மாணவிக்கு மட்டும் இது பொருந்தாது. சபையின் பெண் ஒருவர் தொலைபேசியில் பேசி வாலிபர் கூட்டத்துக்கு அழைப்பதே முறை.

ஏற்காட்டில் வார இறுதியில் வந்துபோகும் பயணிகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஆராதனை நேரமும் மொழியும் எழுதிய பலகை வாசலில் தெளிவாக இருந்தாலே போதும். அங்கேயே வேலைக்கு வந்து தங்குபவர்களுக்குத்தான் அட்டையும் சந்திப்பும் வேண்டும்.

ஆகவே ஒரு சபை ஒன்றை மட்டுமே தொடங்க முடியுமானால், அஸ்தம்பட்டிக்கு ஒருவர், சூரமங்கலத்துக்கு ஒருவர் எனப் பொறுப்பாளர்களை முதலில் நியமித்து, ஞாயிறன்று நிரப்பப்பட்ட அட்டைகளை அன்றே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.