கண்ணை மூடச் சொல்லாத யோகா வகுப்பு

போன வருடம் மகளை ஸ்கூட்டரில் கூட்டி வரும்போது லாரி உரசி இருவரும் விழுந்தோம். முறிந்த என் கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. வெறும் சிராய்ப்போடு தப்பிய பிள்ளைதான், 16 வயது, ஹாரன் கேட்டால் விறைத்துப்போவாள். ராத்திரித் தூக்கமும் போயிற்று. சிகிச்சையோடு யோகாவும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் மனநல மருத்துவர்.

முதலில் சேர்த்த இடத்தில் விளக்கை அணைத்து, சவாசனத்தில் படுக்கவைத்து, திடீரென்று தோளை அழுத்தினார்கள். அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போது போவது திருச்சி தில்லை நகரில் ஒரு மாடிக்கு. சனி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், மாதம் 1,200 ரூபாய், ஏழு பிள்ளைகள். எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்று டீச்சர் முதலிலேயே கேட்டார், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பிள்ளையிடம் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாயை எங்கே போட்டுக்கிறேம்மா?" அவ்வளவுதான். இவள் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி போட்டாள். இன்றைக்கும் அதே இடம்தான்.

கண்ணை மூடுவதும் தரையைப் பார்ப்பதும் அவரவர் இஷ்டம். யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. தாடாசனத்தில் ஒரு பையன் கோணலாக நின்றான், அப்படியே விட்டார். (எங்கள் பி.டி. மாஸ்டர் பார்த்திருந்தால் பிரம்பு பேசியிருக்கும்.) கபாலபாதி கிடையாது, வேக மூச்சு சிலருக்குப் படபடப்பைக் கிளப்பிவிடுமாம். அதற்குப் பதில் பிராமரி, காதைப் பொத்தி வண்டு மாதிரி ரீங்கரிக்கும் மூச்சுப் பயிற்சி. ஒருநாள் கீழே பஸ் ஹாரன் அடித்ததும், யாரும் சொல்லாமலே இவள் காதைப் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்க ஆரம்பித்தாள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் இந்த மாதிரி யோகா செய்த 31 பெண்களில் 16 பேர் PTSD எனும், அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். படித்ததிலிருந்து நானும் வாரத்தை எண்ணினேன். அது வளர்ந்த பெண்களிடம் செய்த ஆய்வு என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்களுக்கு நாலு மாதம் ஆகிறது. தூக்கம் பரவாயில்லை. ஸ்கூட்டரில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள், வகுப்புக்கே ஆட்டோவில்தான் போகிறோம்.

குறை என்றால், வகுப்பு ரத்து என்பது கடைசி நேரத்தில்தான் வாட்ஸாப்பில் வருகிறது, அதற்கு ஈடு வகுப்பும் இல்லை. படி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் கீழே டீக்கடையில் காத்திருக்கலாம், டீ சுமார்.